யாருடைய கை என்று கேட்ட மட்டி

ஒரு காட்டில் ஒரு மட்டிச் சிப்பி வாழ்ந்து வந்தது. சிங்கம் எங்கே என்று தேடாதீர்கள். இது ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த அலையாத்திக் காடு. சிங்கம் வந்தால் முதல் அடியிலேயே இடுப்புவரை சேற்றில் இறங்கிவிடும், ராஜாவுக்கு அது அழகில்லை. அதனால் அந்தக் காட்டில் ராஜா கிடையாது. இயக்குநர்தான் உண்டு.

இயக்குநரின் பெயர் சபாநாயகம். நத்தைகுத்தி நாரை. மூடினாலும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டே மூடும் மூக்கு அவருக்கு. ஓட்டுக்குள் இருக்கும் சதையை உருவி எடுக்கத் தோதான மூக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லவில்லையே என்று யாரும் என்னிடம் வரக்கூடாது.

அவர் நடத்தியது கழிமுகக் கடல் தரவுப் பகிர்வு மையம். கட்டடம், கண்ணாடிக் கதவு என்றெல்லாம் நினைக்க வேண்டாம். எப்போதோ ஒரு படகிலிருந்து யாரோ தவறவிட்ட செல்போன் ஒன்று, பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக, அலையாத்தி வேர்களுக்கு நடுவே மாட்டிக் கிடந்தது. அதுதான் மையம். அதற்கு சார்ஜ் எப்படி ஏறியது என்று கேட்பவர்கள், மட்டி எப்படிப் பேசும் என்று இதுவரை கேட்காதது ஏன் என்று யோசித்துப் பார்க்கவும். உறைக்கு மேலிருந்து திரையைத் தட்ட நாரையின் மூக்கு நுனியால்தான் முடிந்தது. தட்டத் தெரிந்தவர் தானாகவே இயக்குநர் ஆனார். நான் பார்த்த பல மையங்கள் இப்படித்தான் உருவாகியிருக்கின்றன.

மட்டியின் பெயர் மரியபுஷ்பம். ஆற்றுவாயின் சேற்றுச் சரிவில் சொந்தபந்தம் தொள்ளாயிரம் பேரோடு குடியிருந்தாள். கண் கிடையாது, கை கிடையாது. இருப்பது ஒரே ஒரு கால். அதைச் சேற்றில் நீட்டி, பிறகு உடம்பை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு நகர வேண்டும். ஒரு துடுப்பு நீளம் நகர்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

வருடத்தில் மற்ற நாட்களில் இது ஒரு குறையாகவே தெரியாது. ஆழத்தில் கிடக்கிறவர்களுக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது? ஆனால் கோடையில் காற்று திரும்பும் சமயம், வெளிக்கடலின் அடியிலிருந்து ஒரு நீர் சரிவில் ஏறி வரும். அங்கே அதைக் கறுப்புத் தண்ணீர் என்பார்கள். பார்க்கக் கறுப்பாக ஒன்றும் இருக்காதாம். அதில் மூச்சு இருக்காது, அவ்வளவுதான். மூன்று நாள் தேங்கி நிற்கும், பிறகு இறங்கிவிடும். அந்த மூன்று நாளும் அதற்குக் கீழே கிடக்கும் மட்டி பிழைக்காது.

மேலே ஏறித் தப்பலாம். ஏறலாம் என்றால் எவ்வளவு என்பதுதான் சங்கடம். தேவைக்கு மேல் ஏறிவிட்டால், கடல் வற்றும் நேரத்தில் வெறும் சேற்றில் ஓடு தெரியக் கிடக்க வேண்டும். வெறும் சேற்றில் கிடக்கும் மட்டிக்கு என்ன ஆகும் என்பதற்கு, மேலே இயக்குநரின் மூக்கைப் பற்றிய பத்தியைப் பார்க்கவும்.

போன வருடம் மரியபுஷ்பத்தின் தங்கை குடும்பம் நாரைக்குப் பயந்து கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. ஒருவர்கூட மிஞ்சவில்லை. வாய் பிளந்த அந்த ஓடுகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. அலை வரும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும். மரியபுஷ்பத்துக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. இந்த வருடம் எதுவரை ஏறும் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். முனைவர் நீலாயதாட்சி. பங்குனி ஆமை. வருடம் தவறாமல் முட்டையிடக் கரைக்கு வருகிறவர், வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் முப்பது வருடமாகக் கறுப்புத் தண்ணீரை அளந்து வந்தார். வெளிக்கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்தே, இந்த வருடம் எதுவரை ஏறும், எந்த நாளில் வரும் என்று ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்றா எழுதினேன்? தவறு. தெரிந்து வைத்திருப்பார்.

முப்பது வருடக் குறிப்புகளையும் தன் முதுகோட்டில் கீறி வைத்திருந்தார். "கடைசி" என்று ஒரு வரிசை, "கடைசி, திருத்தியது" என்று ஒரு வரிசை, "இதுதான் கடைசி" என்று ஒன்று, "இதுதான் கடைசி, புதுசு" என்று இன்னொன்று. நடுவில் கொட்டலசு என்கிற ஓட்டுப்பூச்சி வேறு ஒட்டி வளர்ந்திருந்தது. தன் முதுகைத் தன்னால் பார்க்க முடியாது என்பதால் எது உண்மையான கடைசி என்று அவருக்கே சமயத்தில் சந்தேகம் வரும். அடுத்தவரைப் பார்க்கவும் விடமாட்டார்.

"அக்கா, இந்த வருசம் எதுவரைக்கும் ஏறும்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மரியபுஷ்பம்.

"கட்டுரை வெளிவரட்டும்மா. அதுக்கு முன்னாடி சொன்னா வேற எவனாவது எழுதிருவான்."

"எப்ப வரும்?"

"கட்டுரையைப் படிச்சுப் பாக்குற இரண்டாவது மதிப்பீட்டாளர் இன்னும் பத்து வருசத்துத் தரவு கேக்கிறாரு."

"அவரு யாருக்கா?"

"பேர் சொல்ல மாட்டாங்க. ஒரே மூச்சில பதினோரு பக்கம் எழுதியிருக்காரு. திமிங்கிலமாத்தான் இருக்கணும்."

"பத்து வருசத்துல நாங்க இருக்க மாட்டோமே அக்கா."

ஆமைக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. "கட்டுரைக் கடைசியில உங்களுக்கு நன்றின்னு ஒரு வரி போடுறேன்" என்றார்.

ஆமையின் தரவை எல்லோருக்கும் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்று மரியபுஷ்பம் இயக்குநரின் காதில் போட்டாள். வேறு போக்கிடம் இல்லை. சபாநாயகம் அன்றைக்கே கடல் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டில் கூட்டம் போட்டார். ஒற்றைக் காலில் நின்றபடி பேசினார்.

"கடல் எல்லோருக்கும் பொது. கடலைப் பற்றிய தரவும் பொது. அதை ஒருவர் முதுகில் பூட்டி வைப்பது அநியாயம். தரவு தேடினால் கிடைக்க வேண்டும். யாரும் அணுக வேண்டும். வேண்டியவர் எடுத்துப் பயன்படுத்த வேண்டும்." எடுத்துப் பயன்படுத்த என்ற இடத்தில் அவர் ஒருமுறை எச்சில் விழுங்கினார். சேற்றில் துள்ளும் உளுவை மீன்கள் வாலால் சேற்றைத் தட்டி ஆரவாரம் செய்தன. மரியபுஷ்பம் அழுதுவிட்டாள். மட்டி அழுதால் கொஞ்சம் உப்புத் தண்ணீர் வெளியே வரும். எப்போதும் வருவதுதான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் ஆமையைத் தனியாக ஓரம் கட்டினார்.

"முனைவரே, மையத்தில் ஏற்றினால் தரவுக்கு ஒரு நிரந்தர எண் தருவோம். யார் டவுன்லோடு செய்தாலும் எண்ணிக்கை ஏறும். உலகமே பார்க்கும். கணவாய் மீன் போன வருடம் தன் மைத் தரவை ஏற்றியது, தெரியுமா? இதுவரை பதினேழு."

"பதினேழா? அந்தக் கணவாய்க்கா?"

"பதினேழு."

முப்பது வருட உறுதி அந்த இடத்தில் கழன்று விழுந்தது. உயிர் போகிறது என்று கெஞ்சியதற்கு அசையாதவர், கணவாய்க்குப் பதினேழு என்றதும் படிவத்தைக் கேட்டார். ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

படிவத்தில் நாற்பத்து நான்கு கட்டங்கள். ஆராய்ச்சிக் கப்பலின் பெயர் என்ற இடத்தில் ஆமை "நான்" என்று எழுதச் சொன்னார். நிலையான முகவரி என்ற இடத்தில் "கடல்". நீர் மாதிரி எந்த முறையில் சேகரிக்கப்பட்டது என்பதற்கு "வாயால்". இரண்டு காதும் தெரியும்படி புகைப்படம் கேட்டிருந்தார்கள். ஆமைக்கு வெளியே தெரிகிற காது இல்லை என்பதை விளக்க அரை நாள் ஆயிற்று. முப்பத்தொன்றாவது கட்டம், அளவு எதில் என்று கேட்டது. "பாகம்" என்றார்.

இங்கே கொஞ்சம் நின்று பாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகுக்காரர்கள் கயிற்றை இரண்டு கையையும் விரித்து அளப்பார்கள். ஒரு விரிப்பு ஒரு பாகம். அதைப் பார்த்து அந்தக் கழிமுகத்தில் எல்லோரும் பாகத்தில்தான் அளந்தார்கள். நண்டு கொடுக்கை விரித்து அளக்கும். நாரை இறக்கையை விரித்து அளக்கும். ஆமை துடுப்புக் கையை விரித்து அளக்கும். யார் அளந்தாலும் பாகம் பாகம்தான் என்பது ஊர் ஒப்புக்கொண்ட விஷயம். இன்னொருவர் கையோடு தன் கையை யாரும் வைத்துப் பார்த்ததில்லை. அப்படிப் பார்ப்பது அங்கே மரியாதைக் குறைவு.

முப்பத்திரண்டாவது கட்டம், யாருடைய கை என்று கேட்டது. அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கவில்லை. கட்டாயம் இல்லை என்று அர்த்தம். ஆமை அதைக் காலியாக விட்டார். நட்சத்திரம் இல்லாத கட்டத்தை நிரப்பிய ஆராய்ச்சியாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

நட்சத்திரக் கட்டங்கள் எல்லாம் நிரம்பியதும் பச்சை டிக் விழுந்தது. "தரப் பரிசோதனை முடிந்தது" என்று அறிவித்தார் சபாநாயகம். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"கறுப்புத் தண்ணீர், வரும் அமாவாசை முதல் மூன்று நாள். மூழ்கிக் கிடக்கும் பழைய நங்கூரத்திலிருந்து இருபது பாகம் ஏறும்."

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரும் மனதுக்குள் தன் கையை இருபது முறை விரித்துப் பார்த்துக்கொண்டு கலைந்து போனார்கள். மரியபுஷ்பம் தன் பெயரிலும் ஒரு பிரதி வேண்டும் என்றாள். லாகின் செய்ய, நான் இயந்திரம் இல்லை என்று உறுதி தர வேண்டியிருந்தது. படகு உள்ள படங்களை எல்லாம் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கண்ணே இல்லாதவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? இயக்குநரே அவளுக்காகத் தட்டிக் கொடுத்தார். மிகவும் அன்பாகத் தட்டினார்.

அன்று ஒரே நாளில் நாற்பத்தொரு டவுன்லோடு. ஆமை அலையில் மிதந்தபடி அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். யார் அந்த நாற்பத்தொரு பேர் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒன்று மரியபுஷ்பம். மீதி நாற்பதும் நத்தைகுத்தி நாரைகள்.

மட்டிகள் சரிவில் கூடிப் பேசினார்கள். இருபது பாகம் என்றால் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மற்றவர்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் விரித்துப் பார்க்க அவர்களிடம் கை இருந்தது. இவர்களிடம் விரிக்க ஒன்றும் இல்லை. அதனால் யாருடைய கை என்ற கேள்வி மரியபுஷ்பத்துக்கு மட்டும் வந்தது. உதவிப் பிரிவுக்கு எழுதினாள். பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்று உடனே பதில் வந்தது. அமாவாசைக்கு இருபது நாள்தான் இருந்தது. ஆமை தலைக்கு மேல் நீந்திப் போகும் சத்தம் கேட்டபோது மறித்துக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, இருபது பாகம்னு போட்டிருக்கீங்களே, அது யாரு கை?"

ஆமைக்கு முகம் சுருங்கியது. "இதென்ன கேள்வி? அளந்தது நான். என் கைதான்."

"படிவத்துல போடலையே."

"நட்சத்திரம் இல்லைம்மா."

சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை. முப்பது வருடத்தில் அவர் தரவைப் பற்றி ஒருவர் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். திமிங்கிலம்கூடக் கேட்கவில்லை. நேராக நங்கூரத்துக்குப் போனார். அங்கிருந்து துடுப்புக் கையை விரித்து விரித்துச் சரிவில் ஏறினார். இருபதாவது விரிப்பு முடிந்த இடத்தில், வழியில் கவ்வி வந்த ஒரு சங்கைச் சேற்றில் அழுத்தி வைத்தார்.

"இதைத் தாண்டிப் படுத்துக்கோங்க. ரொம்பத் தாண்டாதீங்க" என்றார்.

தொள்ளாயிரம் மட்டிகளும் அன்றே கிளம்பின. ஒரு நாளைக்கு ஒரு துடுப்பு நீளம். அமாவாசைக்கு முந்தின நாள் கடைசி மட்டி சங்கைத் தாண்டிப் படுத்தது.

அமாவாசையன்று காலையில் நாற்பது நாரைகளும் வந்தன. இயக்குநரே முன்னால் நின்று நங்கூரத்துக்கு நேர் மேலே தொடங்கி இறக்கையை விரித்து விரித்து இருபது பாகம் அளந்தார். நாரையின் விரிப்பு ஆமையின் விரிப்பைவிடக் கொஞ்சம் நீளம். இருபது விரிப்பில் அந்தக் கொஞ்சம் ஒரு படகு நீளம் ஆகிவிட்டது. மட்டிகளுக்கு ஒரு படகு நீளம் மேலே, வெறும் சேற்றில், நாற்பது பேரும் வரிசையாக ஒற்றைக் காலில் நின்றார்கள்.

மரியபுஷ்பத்துக்குச் சேற்றின் வழியாக அந்தக் கால்களின் அதிர்வு கேட்டது. ஜோடி சேராமல் தனித்தனியாக நாற்பது கால். யார் என்று புரிந்துவிட்டது. கீழே கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, திரும்ப முடியாது. மேலே மூக்குகள். அன்றைக்குப் பயந்ததுபோல் அவள் வாழ்நாளில் பயந்ததில்லை. திறந்து வையுங்கள், திறந்து வையுங்கள் என்று தானே கேட்டு வாங்கியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கறுப்புத் தண்ணீர் வந்தது. சங்கைத் தொட்டது. நின்றது. முப்பது வருட உழைப்பு ஒரு விரல்கூடப் பிசகவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே அந்த ஆமையின் மேல் மரியாதை வருகிறது.

மூன்றாம் நாள் கடல் நன்றாக வற்றியது. மட்டிகளின் மேல் ஒரு சாண் நீர்தான் மிச்சம். நாரைக்குப் பயந்து ஓடுகளை மூடிக்கொண்டு மூச்சுவிடாமல் எத்தனை நேரம் இருப்பது? அங்கங்கே குமிழி வரத் தொடங்கியது. துணை இயக்குநர் நாரை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"ஐயா, கீழ தண்ணில குமிழி வருது."

"எத்தனை பாகத்தில்?"

துணை இயக்குநர் கண்ணாலேயே அளந்தது. "பதினாறு இருக்கும் ஐயா."

"தரவு என்ன சொல்கிறது?"

"இருபது."

"அப்படியானால் அது வெறும் குமிழி. கண்ணில் பட்டதையெல்லாம் நம்புவதற்கா இவ்வளவு பெரிய மையம் நடத்துகிறோம்? இடத்தில் நில்லுங்கள்."

நின்றது. நாற்பது பேரும் பசியோடு, வெறும் சேற்றைப் பார்த்தபடி, பொழுது சாயும்வரை நின்றார்கள். சாய்ந்ததும் நீர் ஏறியது. கறுப்புத் தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போனது. தொள்ளாயிரம் மட்டிகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் மையத்தில் ஒரே மாதிரி நாற்பது புகார்கள் பதிவாயின. தரவு பயனற்றது, ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். சபாநாயகம் படிவத்தைத் திறந்து பார்த்தார். முப்பத்திரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. அதற்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டார். மூன்று நாளில் நிரப்பாவிட்டால் தரவு நீக்கப்படும், டவுன்லோடு எண்ணிக்கையும் அழிக்கப்படும் என்று ஆமைக்கு அறிவிப்பு போயிற்று.

ஆமை அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். சரிவில் மரியபுஷ்பம் மறித்தாள்.

"அக்கா, அதை மட்டும் நிரப்பாதீங்க."

"நீதானே வருசம் பூரா திற, திறன்னு என் உயிரை எடுத்தே."

"எடுத்தேன். யாரு யாரு படிப்பாங்கன்னு தெரியாம எடுத்தேன்."

"அறிவியல்னா முழுசாச் சொல்லணும்மா. பாதி சொன்னா அது பொய்."

"முழுசாச் சொன்னா அடுத்த வருசம் நாங்க யாரும் இருக்க மாட்டோம் அக்கா. என் தங்கச்சி வீட்டு ஓட்டுச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது. கடல் ஒருமுறை ஏறி வற்றும்வரை ஆமை அங்கேயே கிடந்து யோசித்தார். எண்ணிக்கையை இழக்க மனசு இல்லை. பொய் எழுதவும் மனசு இல்லை. கடைசியில் எழுந்து மையத்துக்குப் போனார். படிவம் எத்தனை பார்த்தவர் அவர்.

முப்பத்திரண்டாவது கட்டத்தில் "முதன்மை ஆய்வாளரின் கை. நீளத்துக்கு இணைப்பு ஒன்றைப் பார்க்கவும்" என்று எழுதச் சொன்னார். இணைப்பு ஒன்றில் "இணைப்பு இரண்டைப் பார்க்கவும்" என்று இருந்தது. இணைப்பு இரண்டில் "தகுந்த காரணத்துடன் ஆய்வாளரை நேரில் அணுகிக் கேட்டுப் பெறலாம்" என்று இருந்தது. ஆய்வாளரின் முகவரி ஏற்கெனவே படிவத்தில் இருக்கிறது. கடல்.

பச்சை டிக் விழுந்தது.

அந்த வருடத்தின் சிறந்த திறந்த தரவுக்கான விருது முனைவர் நீலாயதாட்சிக்கே கிடைத்தது. வேறு யாரும் எல்லா நட்சத்திரக் கட்டத்தையும் நிரப்பியிருக்கவில்லை. விருதுக் கடிதத்தில் இயக்குநரே மூக்கு பதித்திருந்தார். பயனடைந்தவர் என்ற முறையில் மரியபுஷ்பத்துக்கும் அழைப்பு வந்தது. உற்றார் உறவினரோடு வருக. இடம், சேற்றுத் திட்டின் மேல் மேடு. விழா முடிந்ததும் விருந்து.

மரியபுஷ்பம் அன்றே பதில் அனுப்பினாள். அழைப்புக்கு மிக்க நன்றி, குடும்பத்தோடு இணையவழியில் கலந்துகொள்கிறோம்.

நீதி: சிவப்பு நட்சத்திரம் இல்லாத கட்டத்தை ஒருபோதும் நிரப்பாதே, உன் சோம்பலால் ஒரு குடும்பம் பிழைக்கும். நட்சத்திரம் இருந்தால் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுது.